எந்தத் துறையிலும் அடங்காத கேள்வியா? பாடத்தை நாமே வகுத்துப் படிக்கும் முதுநிலைப் படிப்பு!

விடிவதற்கு இன்னும் நேரமிருக்கிறது. தூத்துக்குடி மாநகரை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில் பல வீடுகளில் அதற்குள் விளக்கு எரிகிறது. வெயில் ஏறுவதற்கு முன் முடிந்தவரை உப்பு வாரிவிட வேண்டும் என்பதால், உப்பளத்துக்குப் போகிறவர்கள் தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள்.

அப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். அம்மா உப்பளத் தொழிலாளி. மகள் பி.ஏ. பொருளாதாரம் கடைசி ஆண்டு. அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் அவள்தான். மேலே என்ன படிப்பது என்ற பேச்சு வருகிறது.

"எம்மா, நான் உப்பளத்தப் பத்தித்தான் மேல படிக்கப் போறேன்."

"ஏட்டி, அதப் படிக்க காலேஜுக்கு எதுக்குப் போணும்? எங்கூட அளத்துக்கு வா, நான் சொல்லித்தாரேன்."

அம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

மகளுக்குள் ஒரு கேள்வி நெடுநாளாகக் கிடக்கிறது. ஐப்பசி பிறந்து மழை இறங்கினால் அளத்தில் வேலை நின்றுவிடும். மறுபடி பாத்தி கட்டி, உப்பு விளைந்து, கூலி கைக்கு வர தை, மாசி ஆகும். அந்த மாதங்களில் அம்மா எப்படிக் குடும்பத்தை ஓட்டுகிறாள்? யாரிடம் கடன் வாங்குகிறாள்? மழை காலம் தப்பிப் பெய்தால் அந்தக் கணக்கு என்ன ஆகும்? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதே, அதுபோல் ஒரே நாளில் எல்லாம் முழுகினால்?

இதை எந்தத் துறையில் போய்ப் படிப்பது? கூலியும் கடனும் பொருளாதாரம். மழை புவியியல். உப்பில் நாள் முழுக்க நின்று புண்ணாகும் காலும், வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலால் எரியும் கண்ணும் மருத்துவம். அம்மாவின் தலைமுறை சொல்லும் கதைகள் வரலாறு அல்லது நாட்டார் வழக்காற்றியல். ஒவ்வொரு துறையிலும் ஒரு துண்டு கிடைக்கும், முழுக் கேள்வியை எந்தத் துறையும் ஏற்காது.

இப்படித் துறைகளுக்கு நடுவில் விழுந்த கேள்விகளுக்காகவே உலகில் சில முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன. அவற்றில் கேள்வி மாணவருடையது. அதற்கு எந்தெந்தப் பாடங்கள் தேவை என்று ஒரு திட்டம் போட்டுக் கொடுப்பதும் மாணவர்தான். பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தைச் சோதித்து, ஒரு வழிகாட்டியைத் தந்து, கடைசியில் பட்டம் தருகிறது.

எங்கே இருக்கிறது இந்தப் படிப்பு?

இதில் பெயர் பெற்றது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேலட்டின் பள்ளி. 1972இல் தொடங்கப்பட்டது. இங்கே எம்.ஏ. சேருகிறவர் வரலாறு எம்.ஏ., பொருளாதார எம்.ஏ. என்று சேருவதில்லை, தனக்கென்று ஒரு படிப்பு வட்டத்தை வரைந்து சேருகிறார். பல்கலைக்கழகத்தின் வெவ்வேறு பள்ளிகளில் நடக்கும் வகுப்புகளிலிருந்து தேவையானவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். இறுதியில் ஆய்வேடாகவோ, கலைப் படைப்பாகவோ, களத்தில் செய்யும் செயல்திட்டமாகவோ தன் உழைப்பைச் சமர்ப்பிக்கலாம்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று துறைகளை இணைத்துப் படிக்கும் முதுநிலைப் பட்டம் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் துறைகளைக் கடந்த பட்டப் படிப்பு இருக்கிறது. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் படிப்புகள் வேறு வகை. பாடத்திட்டம் அவர்களுடையது, ஆனால் குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். எந்தப் பாதையில் போவது, ஆய்வேட்டை எதில் செய்வது என்பதில் மாணவருக்கு இடம் உண்டு. கடலோரப் பிள்ளைகள் பார்க்க வேண்டியவை இதிலேயே இருக்கின்றன. கடல்வாழ் உயிர்வளம் பற்றிய 'இம்பர்சீ' ஒன்று. நீரும் கடற்கரை மேலாண்மையும் பற்றிய 'வகோமா' இன்னொன்று.

இந்தியாவில் முழுக்க முழுக்க மாணவரே வகுக்கும் முதுநிலைப் பட்டத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். அதற்கு நெருங்கிய உறவுக்காரப் படிப்புகள் உண்டு. பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் வளர்ச்சியியல் எம்.ஏ., காந்திநகர் ஐ.ஐ.டி.யின் சமூகமும் பண்பாடும் எம்.ஏ., சென்னை ஐ.ஐ.டி.யின் வளர்ச்சி ஆய்வுகள் எம்.ஏ., மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் சுற்றுச்சூழல் சார்ந்த படிப்புகள், டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழலும் வளர்ச்சியும் எம்.ஏ. ஆகியவை அந்த வரிசையில் வரும். இவற்றில் இளநிலையில் என்ன படித்தோம் என்பதைவிட, என்ன கேட்கிறோம் என்பதற்கு மதிப்பு அதிகம்.

விதியும் இப்போது சாதகமாக இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் வெளியிட்ட முதுநிலைப் படிப்புக்கான கட்டமைப்பின்படி, ஒருவர் இளநிலையில் எந்தப் பாடம் படித்திருந்தாலும், நுழைவுத் தேர்வில் தேறினால் வேறு பாடத்தில் முதுநிலை சேரலாம். பொருளாதாரம் படித்தவர் சுற்றுச்சூழலுக்குப் போகலாம். விலங்கியல் படித்தவர் சமூகவியலுக்குப் போகலாம்.

ஓர் எச்சரிக்கை. அசோகா பல்கலைக்கழகத்தின் 'யங் இந்தியா ஃபெல்லோஷிப்' போன்ற ஓராண்டுப் படிப்புகளும் பல துறைகளைக் கலந்து தருகின்றன. ஆனால் அது முதுநிலை டிப்ளோமா. டிப்ளோமா வேறு, முதுநிலைப் பட்டம் வேறு. பின்னால் நெட் தேர்வோ ஆராய்ச்சிப் படிப்போ மனதில் இருந்தால் இந்த வேறுபாட்டைச் சேருவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கரைக்குப் புதிதல்ல

துறை தாண்டிப் படிப்பது ஏதோ வெளிநாட்டு நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். முத்துக்குளித்துறைக் கரையில் அது நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

ஜேம்ஸ் ஹார்னல் என்ற ஆங்கிலேயர் சென்னை மாகாண அரசில் முத்து, சங்கு மீன்பிடிப்பைக் கவனிக்கும் அதிகாரியாக இருந்தார். சங்கு என்ற உயிரினத்தை எண்ணிக் கணக்கெடுப்பதோடு அவர் நிற்கவில்லை. சங்கு எப்படி வளர்கிறது, அதை யார் குளித்து எடுக்கிறார்கள், வங்காளத்துக்குப் போய் எப்படி வளையலாகிறது, கோயிலிலும் வீட்டிலும் அதற்கு ஏன் இத்தனை மரியாதை என்று ஒரே நூலுக்குள் கொண்டுவந்தார். 'இந்தியாவின் புனிதச் சங்கு' என்ற அந்த நூல் 1914இல் வந்தது. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு பற்றி 1922இல் எழுதினார். விலங்கியல், வணிகம், சமயம், கைத்தொழில் எல்லாம் அதில் ஒன்றாகக் கிடக்கின்றன.

இன்னொருவர் நம் எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன். பதினைந்து வயதில் திருமணமானவர். கல்லூரிப் படிப்பு கிடையாது. ஆனால் ஒரு நாவல் எழுதுவதற்கு முன் அந்த மக்களிடம் நேரில் போய், பார்த்து, கேட்டு, குறிப்பெடுத்து எழுதுவது அவர் வழக்கம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி அவர் எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979இல் வந்தது. மாப்பிள்ளையூரணி மகளுக்கு இருக்கும் கேள்வியின் பெரும்பகுதியை அந்த நாவல் முன்பே தொட்டுவிட்டது. பட்டம் இல்லாமல் அவர் செய்ததைப் பட்டத்தோடு செய்யத்தான் இந்தப் படிப்பு.

கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

இத்தகைய படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான். 'உப்பளத் தொழிலாளர் வாழ்க்கையை ஆராய விரும்புகிறேன்' என்று எழுதினால் அது கேள்வியே அல்ல, வெறும் தலைப்பு. படிக்கும் பேராசிரியருக்கு, இவர் இரண்டு ஆண்டில் எதைச் செய்து முடிப்பார் என்று தெரியாது.

அதையே இப்படி எழுதலாம்: 'தூத்துக்குடி உப்பளங்களில் மழைக்கால வேலையின்மையைப் பெண் தொழிலாளர்கள் எந்தக் கடன்களாலும் எந்த மாற்று வேலைகளாலும் சமாளிக்கிறார்கள்? மழை காலம் தப்பும்போது அந்தச் சமாளிப்பு எப்படி மாறுகிறது?' இதில் இடம் இருக்கிறது. யாரைப் பற்றி என்பது இருக்கிறது. எந்தக் காலம் என்பதும், எது மாறுகிறது என்பதும் இருக்கின்றன.

கேள்வி கூர்மையானால் பாடத்திட்டம் தானாக வரும். கூலியையும் கடனையும் புரிந்துகொள்ள உழைப்புப் பொருளாதாரத்தில் இரண்டு பாடம். மழைக் கணக்கைப் படிக்க காலநிலையும் புள்ளியியலும். அம்மாக்களின் நினைவுகளை முறையாகப் பதிவு செய்ய வாய்மொழி வரலாறு. உடல்நலத்துக்குப் பொதுச் சுகாதாரத்தில் ஒரு பாடம். இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் கேள்வியின் எந்தப் பகுதி விடுபடும் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லத் தெரிய வேண்டும். சொல்ல முடியாத பாடத்தை வெட்டிவிடலாம். நான்கைந்து துறைகளின் பெயரை அடுக்கினால் மதிப்புக் கூடும் என்று நினைப்பது தவறு. இரண்டு துறை போதும் என்றால் இரண்டே போதும்.

'இதை ஏன் ஒரு சாதாரண எம்.ஏ. பொருளாதாரத்தில் செய்யக் கூடாது?' இந்தப் படிப்புகளின் தேர்வுக் குழு எதிர்பார்ப்பது இதற்கான பதிலைத்தான். பதில் இல்லையென்றால் சாதாரண எம்.ஏ.வே நல்லது. அதில் குறைவு ஒன்றுமில்லை.

அந்த இரண்டு பக்கம்

ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ் என்று ஒன்று கேட்பார்கள். பெரும்பாலும் இரண்டு பக்க அளவில் இருக்கும். விண்ணப்பத்தின் உயிர் அதுதான். பலரும் அதில் 'சிறு வயது முதலே எனக்கு ஆர்வம்' என்று ஆரம்பிக்கிறார்கள். எல்லோரும் அப்படியே ஆரம்பிப்பதால் அது யார் கண்ணிலும் படாது.

உப்பளத்து மகளிடம் அதைவிட நல்ல தொடக்கம் இருக்கிறது. உப்புநீரின் அடர்த்தியைக் கருவி வைத்து 'டிகிரி' பார்ப்பார்கள். பாமே அளவில் சுமார் 25 டிகிரி வந்தால் உப்பு படியத் தொடங்கும்; 30ஐ நெருங்கும்போது கசப்புநீரை வெளியேற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பின் தரம் கெடும். இது வேதியியல் பாடம். ஆனால் நாள்பட்ட தொழிலாளி பாத்தியின் நிறத்தையும் நீரின் பிசுபிசுப்பையும் வைத்தே பக்குவத்தை அறிந்துகொள்வார். கருவியின் அறிவும் கையின் அறிவும் ஒரே பாத்தியில் சந்திக்கின்றன. தன் படிப்பு ஏன் பல துறைகளைத் தொட வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

அந்த இரண்டு பக்கத்தில் இருக்க வேண்டியவை நான்கு. கேள்வி என்ன, அது எங்கிருந்து வந்தது. இதுவரை அதற்காக என்ன செய்தேன். உங்கள் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடங்கள், எந்தப் பேராசிரியர் எனக்குத் தேவை. முடித்த பிறகு என்ன செய்வேன்.

இரண்டாவது புள்ளியில்தான் பல விண்ணப்பங்கள் காற்று இறங்கிப்போகின்றன. 'இதுவரை என்ன செய்தேன்' என்பதற்கு வெளிநாட்டு மாநாட்டுச் சான்றிதழ் தேவையில்லை. அம்மாவின் கூலி நாட்களை ஓராண்டு நோட்டில் எழுதி வைத்திருந்தால் அது தரவு. தெருவில் பத்து மூத்த பெண்களிடம், அவர்கள் சம்மதத்தோடு, பேச்சைச் செல்பேசியில் பதிவு செய்திருந்தால் அது களப்பணி.

துன்பத்தைக் கொட்டி இரக்கம் தேடவும் வேண்டாம். 'அம்மா கஷ்டப்பட்டு என்னைப் படிக்க வைத்தார்' என்பது உண்மைதான். ஆனால் தேர்வுக் குழு தேடுவது அந்தக் கஷ்டத்திலிருந்து பிறந்த கேள்வியை. ஒரு வரியில் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவது நல்லது.

எழுத்தில் கவனம். கூலிக்கு எழுதித் தருகிறவர்களிடமோ, செயலியிடமோ முழுவதும் ஒப்படைத்தால் மொழி வழவழப்பாக வரும், ஆள் காணாமல் போய்விடுவார். தமிழில் முதலில் எழுதிவிட்டு, பிறகு நீங்களே எளிய ஆங்கிலத்தில் சொல்லுங்கள். இலக்கணத்தை ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம்.

வழிகாட்டியும் பரிந்துரையும்

சாதாரண முதுநிலைப் படிப்பில் சேர்ந்த பிறகு வழிகாட்டி கிடைப்பார். இத்தகைய படிப்புகள் சிலவற்றில் முன்னதாகவே கண்டுபிடித்தாக வேண்டும். பேராசிரியரின் ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு, பத்து வரிக்குள் மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் யார், என் கேள்வி என்ன, உங்கள் கட்டுரையின் எந்தப் பகுதி அதைத் தொடுகிறது, அடுத்த ஆண்டு மாணவர்களை எடுத்துக்கொள்கிறீர்களா. இவ்வளவு போதும். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் அது அப்படியே தெரிந்துவிடும். பதில் வரவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவர்.

பரிந்துரைக் கடிதம் இரண்டு அல்லது மூன்று கேட்பார்கள். கல்லூரி முதல்வரின் முத்திரைக் கடிதத்தைவிட, வகுப்பெடுத்த ஆசிரியர் எழுதுவதற்கு எடை அதிகம். கேட்கும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் இரண்டு பக்க அறிக்கை, நீங்கள் செய்த ஒரு நல்ல அசைன்மென்ட், கடைசித் தேதி மூன்றையும் கொடுங்கள். ஒரு மாத அவகாசமாவது கொடுங்கள்.

மூன்று ஆண்டு பி.ஏ. முடித்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. தமிழ்நாட்டில் கலை, அறிவியல் இளநிலைப் பட்டங்கள் பெரும்பாலும் மூன்றாண்டுதான். பிரிட்டனில் இதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும். சில நான்காண்டுப் பட்டம் கேட்கும். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன், முதல் மின்னஞ்சலிலேயே இதைக் கேட்டுவிடுங்கள். கட்டணத் தள்ளுபடி உண்டா என்பதையும் அப்போதே கேட்கலாம். தகுதியுள்ளவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் தருகின்றன.

பணம் எங்கிருந்து?

ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு உதவித்தொகை கிடைப்பதுபோல் முதுநிலைப் படிப்புக்கு முழு உதவி எளிதில் கிடைக்காது. இடம் கிடைத்த மகிழ்ச்சியில் வீட்டை அடமானம் வைத்துக் கிளம்புவது பெரிய ஆபத்து. உதவித்தொகையோடு வரும் இடத்தைத் தேடுவதே உப்பளத்து வீட்டுக்கு ஏற்ற வழி.

எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ தருகிறார்கள். பிரிட்டனின் செவனிங் ஓராண்டு முதுநிலைப் படிப்பின் முழுச் செலவையும் ஏற்கிறது. ஆனால் அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். முடித்துவிட்டு இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும். 1892இல் தொடங்கிய ஜே.என். டாடா அறக்கட்டளை வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் உதவித்தொகை தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது.

மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் உண்டு. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆனால் இங்கே ஒரு முள் இருக்கிறது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இது கிடையாது என்று 2022இல் விதி கொண்டுவந்தார்கள். தூத்துக்குடி உப்பளத்தை ஆராயப் போகிறேன் என்று எழுதும் மாணவி இந்த விதியில் மாட்டிக்கொள்ளக்கூடும். விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிமுறையை வரி வரியாகப் படித்த பிறகே இதை நம்பித் திட்டம் போட வேண்டும்.

உள்நாட்டில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணத்திலும் விடுதியிலும் உதவுகிறது. வங்கிக் கடன்தான் வழி என்றால், 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தைப் பாருங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட முன்னணி உயர்கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கல்விக் கடன். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை.

"இதப் படிச்சா என்ன வேல கெடைக்கும்?"

அம்மா இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டாள். அவள் கேட்பது நியாயம். பட்டத்தின் பெயர் புதிதாக இருந்தால் தமிழ்நாட்டில் அதற்கு ஒரு விலை இருக்கிறது.

டி.என்.பி.எஸ்.சி., ஆசிரியர் தேர்வு வாரியம் போன்றவை நடத்தும் தேர்வுகளில் சில பணிகளுக்குக் குறிப்பிட்ட பாடத்தில் பட்டம் கேட்பார்கள். பட்டத்தின் பெயர் பொருந்தாவிட்டால் 'இணைத்தன்மை' பார்ப்பார்கள். இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்குச் சமம் என்று அரசாணை இருந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் தேர்வில் தேறியும் சான்றிதழ் சரிபார்ப்பில் தடுமாற நேரும். வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைச் சான்று வழங்குவதற்கென 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு தனி விதிமுறை வெளியிட்டிருக்கிறது.

எனவே பள்ளி, கல்லூரி ஆசிரியர் வேலைதான் இலக்கு என்றால், முதலில் பழக்கமான பெயருள்ள எம்.ஏ. ஒன்றை முடித்துக்கொள்வதே பாதுகாப்பு. பட்டப்படிப்பு எதுவாக இருந்தாலும் எழுதலாம் என்ற தேர்வுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை; அதற்கு இளநிலைப் பட்டமே போதும். தொண்டு நிறுவனங்கள், ஆய்வு நிறுவனங்கள், கொள்கை ஆய்வு, காலநிலைத் திட்டங்கள், இதழியல், ஆவணப்படம் ஆகியவற்றில் பட்டத்தின் பெயரைவிட ஆய்வேட்டைப் பார்ப்பார்கள். பிஎச்.டி.க்குப் போகிறவர்களுக்கும் நல்ல ஆய்வேடு பெரிய பலம்.

நிறுவனம் நிலைத்து நிற்குமா என்றும் பார்க்க வேண்டும். மாணவரே வகுத்துப் படிக்கும் முறைக்குப் பெயர்போன அமெரிக்காவின் காடர்ட் கல்லூரி, மாணவர் எண்ணிக்கை குறைந்து, பணமுடையால் 2024இல் மூடப்பட்டது. கல்லூரியின் கொள்கை நன்றாக இருந்தால் மட்டும் போதாது, கஜானாவும் தாங்க வேண்டும்.

ஊரைவிட்டுப் போக முடியாதவர்களுக்கு

எல்லா வீட்டிலும் பெண்ணை பெங்களூருக்கோ பாரிஸுக்கோ அனுப்பிவிட முடியாது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். தம்பி பள்ளியில் இருக்கலாம். அதனால் கேள்வியைக் கைவிட வேண்டியதில்லை.

தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றிலோ, திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ வழக்கமான எம்.ஏ. சேர்ந்துகொண்டு, இறுதித் திட்டக்கட்டுரையை உங்கள் கேள்வியில் செய்யலாம். விருப்பப் பாடத்தை வேறு துறையில் எடுக்க வாய்ப்பு உண்டா என்று சேரும்போதே கேளுங்கள். 'ஸ்வயம்' தளத்தில் புள்ளியியல், காலநிலை, களஆய்வு முறை எல்லாம் கட்டணமில்லாமல் படிக்கலாம். தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்துக் கணக்கில் சேர்க்க 2021 விதி இடம் தருகிறது. உங்கள் பல்கலைக்கழகம் அதை ஏற்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

படிப்பதற்கான செல்வம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தூத்துக்குடியில் மையம் உண்டு. இந்தியாவில் செயற்கை முறையில் முத்து வளர்க்கும் முயற்சி 1973இல் வெற்றி கண்டதே இந்தக் கரையில்தான். அந்த நிறுவனத்தின் பழைய அறிக்கைகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். 1961க்குப் பிறகு நின்றுபோன முத்துக்குளிப்பு பற்றிய கணக்குகளும் அவற்றில் கிடைக்கும். 1977 முதல் இயங்கும் மீன்வளக் கல்லூரி இங்கேயே இருக்கிறது. தமிழ் இணைய நூலகத்தில் பழைய நூல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

ஓராண்டுக் கணக்கு

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சேர வேண்டுமானால் இந்த ஆண்டு ஜூனிலேயே தொடங்கிவிட வேண்டும்.

ஜூன், ஜூலை: கேள்வியை ஒரு பத்தியில் எழுதி, மூன்று பேரிடம் காட்டுங்கள். ஒருவர் ஆசிரியர், ஒருவர் நண்பர், ஒருவர் அந்தத் தொழிலில் இருப்பவர்.

ஆகஸ்ட், செப்டம்பர்: எட்டுப் படிப்புகளைப் பட்டியலிட்டு நான்காகக் குறையுங்கள். அதில் இரண்டாவது இந்தியாவில் இருக்கட்டும். பாஸ்போர்ட் இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். பேராசிரியர்களுக்கு எழுதுங்கள். செவனிங் விண்ணப்பம் பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான் திறக்கும்.

அக்டோபர், நவம்பர்: ஆங்கிலத் தேர்வு, மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதங்கள். இரண்டு பக்க அறிக்கையின் மூன்றாவது, நான்காவது படி இப்போது கையில் இருக்க வேண்டும்.

டிசம்பர், ஜனவரி: அமெரிக்க, ஐரோப்பிய விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றின் கடைசித் தேதி. இந்தியாவில் முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வுக்கான அறிவிப்பையும் இந்த நேரத்தில் கவனியுங்கள்.

பிப்ரவரி முதல் மே வரை: தேர்வு, நேர்காணல், உதவித்தொகை முடிவு. பணம் உறுதியாகும் வரை எந்த இடத்துக்கும் பெரிய தொகை கட்ட வேண்டாம்.

இந்தக் கணக்கில் உப்பளத்து வீட்டுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணமும் ஆங்கிலத் தேர்வுக் கட்டணமும் கட்ட வேண்டியது அக்டோபர் முதல் ஜனவரி வரை. அளத்தில் கூலி இல்லாத மாதங்களும் அவைதான். எனவே கோடையில் உப்பு நன்றாக விளையும்போதே அந்தப் பணத்தை மகளிர் குழுவிலோ அஞ்சலகத்திலோ ஒதுக்கி வைத்துவிடுவது நல்லது. மழைக் காலத்தைச் சமாளிப்பது பற்றிப் படிக்கப் போகிறவளுக்கு, அதுவே முதல் பயிற்சி.

மகள் விண்ணப்பத்தை அனுப்பும் நாள் வரும். பரிந்துரைக் கடிதம் எழுத அம்மாவால் முடியாது. அந்தப் படிவத்தில் பதவி, துறை, பல்கலைக்கழகம் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். ஆனால் அறிக்கையின் முதல் பத்தியில் பாத்தியின் நிறம் பார்த்து உப்பின் பக்குவம் சொல்லும் ஒரு பெண் இருப்பாள்.

"எங்கூட அளத்துக்கு வா, நான் சொல்லித்தாரேன்" என்று அம்மா சொன்னாளே, அந்த அழைப்பையும் தட்டிவிட வேண்டாம். ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவளோடு போய்விட்டு வரலாம். விண்ணப்பம் எழுதும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.